தழைச்சத்தின் விரயமும் அதைத் தோன்றுமிடத்திலேயே தடுத்தலும்

யூரியா மூட்டையின் விலை என்ன, ஏக்கருக்கு எத்தனை மூட்டை தேவை என்பவற்றைக் குடியானவர் நன்கு அறிவர். அந்த யூரியா எவ்விடத்தில் எவ்விதம் உண்டாகிறது, உண்டாகும்போது எவற்றை வெளியே விடுகிறது என்பவற்றை அறிந்தவர் சிலரே. சென்னைக்கு வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், மணலி, எண்ணூர் வரையில் நெருங்கி அமைந்துள்ள தொழிற்சாலைகளுள் உரத்தொழிலைச் சார்ந்தவை முக்கியமானவை. மணலியில் மதராஸ் பெர்டிலைசர்ஸ் தொழிற்சாலை 1971-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிற்று. எண்ணூரிலுள்ள கூட்டு உரத் தொழிற்சாலை 1960-களில் பாரி கம்பெனியாரால் நிறுவப்பெற்றுப் பிற்காலத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் கம்பெனியின் வசமாயிற்று. இதே பாரி கம்பெனியார் 1906-இல் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கத் தொடங்கியவர்கள். ஆகவே இத்தொழில் இந்நாட்டிற்குப் புதியதன்று.

மற்றத் தாலுக்காக்களிலுள்ள விவசாயிகள் இத்தொழிற்சாலைகளின் சரக்கை மட்டுமே அறிவர். பொன்னேரி, மீஞ்சூர்ப் பகுதி விவசாயிகளுக்கோ இவை அண்டை வீடுமாகும். அவர்கள் இவற்றின் உரத்தை வாங்குகிறார்கள். இவை வெளிவிடும் காற்றையும் சுவாசிக்கிறார்கள். பூமிக்கடியிலுள்ள ஒரே ஜலத்தை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். தொழிற்சாலையில் வீணாகும் தழைச்சத்தும் வயலில் வீணாகும் தழைச்சத்தும் வெவ்வேறு விஷயங்கள் என்று எண்ணுவது வழக்கம். ரசாயன விதியை நோக்குங்கால் இரண்டும் ஒன்றே.

பசுமை ரசாயனம் என்பது யாது?

1998-ஆம் ஆண்டில் அமெரிக்க ரசாயன நிபுணர்களாகிய பால் அனஸ்தாஸ், ஜான் வார்னர் என்னும் இருவர், ரசாயனத் தொழிலுக்குப் பன்னிரண்டு நெறிகளை வகுத்து நூலாக வெளியிட்டனர். அவற்றுள் முதலாவது, கழிவை உண்டாக்கிய பிறகு சுத்தம் செய்வதைக் காட்டிலும் அது உண்டாகாமலே தடுப்பது மேல் என்பது. இது விவசாயிக்கு விளங்காத தத்துவமன்று. மடை உடைந்தால் மடையை அடைப்பவன் அரை நாழிகையில் வேலையை முடிக்கிறான். வயலில் பரவிய தண்ணீரை இறைக்கப் புகுந்தவன் பொழுது சாயும் வரையில் இறைக்க வேண்டியதுதான். களையைப் பூக்குமுன் பிடுங்குவதும், பூத்து விதை உதிர்ந்தபின் பிடுங்குவதும் இத்தகையனவே.

இரண்டாவது நெறி சற்று நுட்பமானது. தொழிலில் புகுத்தப்படும் மூலப்பொருள்களின் அணுக்களுள் எத்தனை பங்கு விற்கத்தக்க சரக்காக வெளிவருகிறது, எத்தனை பங்கு குப்பையாகப் போகிறது என்று கணக்கிட வேண்டும் என்பது அது. இக்கணக்கை 1991-இல் பாரி டிராஸ்ட் என்னும் அமெரிக்க நிபுணர் முன்வைத்தார். களத்துமேட்டில் நெல் எவ்வளவு, பதர் எவ்வளவு என்று பார்ப்பது போன்றது இது.

யூரியாவின் கணக்கு

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் வாயுவே. ஆயினும் பயிர் அதை நேராக உட்கொள்ள இயலாது. காற்றின் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்கும் முறையை ஜெர்மானியராகிய ஹேபர் 1909-இல் பரிசோதனைச் சாலையில் செய்து காட்டினார். பாஷ் என்பவர் அதைத் தொழிலாக விரிவாக்க, 1913-இல் ஓப்பாவ் என்னுமிடத்தில் முதல் தொழிற்சாலை ஓடத் தொடங்கிற்று. இரும்பை ஊக்கியாகக் கொண்டு, 400 முதல் 500 டிகிரி சென்டிகிரேட் சூட்டிலும், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் நூற்றைம்பது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் இது நடைபெறுகிறது.

நைட்ரஜன் காற்றிலிருந்து இலவசமாகக் கிடைக்கும். செலவெல்லாம் ஹைட்ரஜனுக்கே. மணலியில் நெடுங்காலம் நாப்தா என்னும் பெட்ரோலியத் திரவத்திலிருந்து ஹைட்ரஜன் பெறப்பட்டது. 2019-இல் எண்ணூர்த் துறைமுகத்தில் திரவ இயற்கை வாயுவை இறக்கும் நிலையம் ஏற்பட்டபின், அவ்வாண்டிலேயே தொழிற்சாலை இயற்கை வாயுவுக்கு மாறிற்று. இம்மாறுதலின் பொருள் இது: நாப்தாவில் கரியணு ஒன்றுக்கு ஹைட்ரஜன் அணு ஏறக்குறைய இரண்டு; இயற்கை வாயுவில் நான்கு. ஆகவே அதே அளவு ஹைட்ரஜனைப் பெறுவதில் வெளிப்படும் கரியமில வாயு குறைகிறது. புகைபோக்கியின் உச்சியில் எந்தச் சல்லடையும் கட்டாமல், அடுப்பில் இடும் பொருளை மாற்றியதால் வந்த குறைவு இது. தோன்றுமிடத்தில் தடுத்தல் என்பதற்கு இவ்வட்டாரத்தில் இதைவிட நல்ல உதாரணம் காட்டுவது அரிது.

அம்மோனியாவிலிருந்து யூரியா உண்டாகும் கட்டம் இன்னும் சிறப்பானது. 34 கிலோ அம்மோனியாவும் 44 கிலோ கரியமில வாயுவும் சேர்ந்தால் 60 கிலோ யூரியாவும் 18 கிலோ தண்ணீரும் உண்டாகும். குப்பையாக வெளிவருவது தண்ணீர் ஒன்றே. இங்கு வேண்டிய கரியமில வாயுவோ, ஹைட்ரஜன் தயாரிக்கையில் கழிவாக வெளிவந்ததுதான். ஒரு கொட்டகையின் சாணம் மற்றொரு வயலின் எருவாவது போல, முதல் கட்டத்தின் கழிவு இரண்டாம் கட்டத்தின் மூலப்பொருளாகிறது. ஆயின் இதைக் கொண்டு அளவுக்கு மீறிப் பெருமைப்படலாகாது. யூரியாவில் அடைபட்ட அக்கரியமில வாயு, வயலில் யூரியா சிதையும்போது திரும்பவும் காற்றிற்கே போய்ச் சேர்கிறது.

இக்கணக்கின்படி 45 கிலோ மூட்டை ஒன்றில் அடங்கிய யூரியாவை உண்டாக்க 25 கிலோவுக்கு மேற்பட்ட அம்மோனியா செலவாகிறது. இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

2023-இல் நிகழ்ந்தது

எண்ணூர்க் கூட்டு உரத் தொழிற்சாலைக்கு வேண்டிய அம்மோனியா கப்பலில் வந்து, கடலுக்கடியில் பதித்த குழாய் வழியாகக் கரைக்கு ஏற்றப்பட்டு வந்தது. கப்பலிலுள்ள திரவ அம்மோனியா பூஜ்யத்துக்குக் கீழ் 33 டிகிரி குளிர்ச்சியில் இருக்கும். வெதுவெதுப்பான குழாயில் அதை ஒரேயடியாக விட்டால் கொதித்தெழும். ஆதலால் முதலில் குழாயைக் குளிரச் செய்வது முறை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, அவ்வாறு குளிரச் செய்துகொண்டிருந்தபோது குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய கடலோரக் கிராமத்தார் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலும் கண்டு, உறக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓட நேர்ந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டனர். மாசுக் கட்டுப்பாடு வாரியத்தார் சோதித்ததில், காற்றில் கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாத அம்மோனியா 2,090 மைக்ரோகிராம் இருந்தது. குழாய்க்கருகே கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்னும் வரம்புக்கு மாறாக 49 மில்லிகிராம் இருந்தது. அம்மாதத் தொடக்கத்தில் வீசிய மிக்ஜாம் புயலில் குழாயைச் சுற்றியிருந்த கற்கள் பெயர்ந்து குழாய்க்குச் சேதம் விளைத்திருக்கலாம் என்று ஆராய்ந்த நிபுணர் குழுவினர் கருதினர்.

அதே புயல் வெள்ளத்தின்போது மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் பரவியதும் பலருக்கு நினைவிருக்கும். பரவிய எண்ணெயை மீனவர் படகிலிருந்து கையால் அள்ள வேண்டியதாயிற்று. இறைத்து மாளாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

பன்னிரண்டு நெறிகளுள் கடைசியானது விபத்தைப் பற்றியது: ஆபத்தான பொருளைப் பத்திரமாக வைத்திருக்கப் பாடுபடுவதோடு, அதன் கையிருப்பையே குறைக்க வேண்டும் என்பது. குழாய்க்கு நல்ல வால்வு, அபாய மணி, காற்றுச் சோதனைக் கருவி ஆகியவை அவசியமே. எனினும் நாட்டில் அம்மோனியாவின் தேவை எவ்வளவோ அவ்வளவு அம்மோனியா எந்தக் கடற்கரையிலாவது இறங்கியோ, எந்த ஊரிலாவது உற்பத்தியாகியோ தீரும். தேவையைத் தீர்மானிக்குமிடம் தொழிற்சாலையன்று, வயல்.

வயலில் நடைபெறும் கசிவு

நெல்வயலில் தேங்கிய தண்ணீரின்மேல் யூரியாவை வீசினால், மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள நொதியினால் அது சில தினங்களில் சிதைந்து அம்மோனியம் ஆகிறது. தண்ணீர் நடுநிலையில் இருக்கும்வரை, அதாவது அதன் கார அமிலக் குறியெண் 7-இல் நிற்கும்வரை, நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே தனி அம்மோனியாவாக இருக்கும். மற்றதெல்லாம் கரைந்த உப்பாக நிலைத்திருக்கும். பகலில் வெயிலேற ஏற, தண்ணீரிலுள்ள பாசி கரியமில வாயுவை உட்கொள்வதால் தண்ணீரின் காரத்தன்மை அதிகரிக்கிறது. குறியெண் 9-ஐ எட்டும் பிற்பகலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தனி அம்மோனியாவாக மாறிக் காற்று வாக்கில் பறந்துவிடுகிறது. எண்ணூரில் குழாயிலிருந்து வெளிப்பட்ட வாயுவும் இதுவே. அங்கே ஒரு நள்ளிரவில் ஒரே இடத்தில் வெளிப்பட்டதால் ஊரார் ஓடினர். வயலில் பல்லாயிரம் ஏக்கரில் பரவலாக, பகல்தோறும், மூக்கிற்குத் தெரியாத அளவில் வெளிப்படுவதால் எவரும் கவனிப்பதில்லை.

தப்பிய அம்மோனியத்தில் ஒரு பகுதி சேற்றின் மேற்பரப்பில் நைட்ரேட்டாக மாறிக் கீழிறங்கி, காற்றில்லாத சேற்றில் சிதைந்து மறுபடியும் நைட்ரஜன் வாயுவாகப் போகிறது. அதில் சிறு பங்கு நைட்ரஸ் ஆக்ஸைடு. பூமியைச் சூடேற்றுவதில் நூறாண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைக் காட்டிலும் ஏறக்குறைய 273 மடங்கு வலிமையுள்ளது. மணற்பாங்கான நிலத்தில் நைட்ரேட் கிணற்று நீரிலும் கலக்கிறது. இவையெல்லாம் போக, இட்ட யூரியாவின் தழைச்சத்தில் 30 முதல் 40 சதவீதமே நெற்பயிருக்குச் சேருகிறது என்பது பொதுவான அனுபவம். 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து. அதில் பயிர் பெறுவது 6 முதல் 8 கிலோ. எஞ்சியதில் சிறிது மண்ணில் தங்கும், மிகுதி போனது போனதே.

பயிர் பச்சைப் பசேலென்று இருக்க வேண்டும் என்ற ஆசையால் அளவுக்கு மேல் யூரியா இடுவோர், புகையானையும் இலைச்சுருட்டுப் புழுவையும் குலைநோயையும் தாமே வரவழைத்துக்கொள்கிறார்கள். பின்னர் அவற்றிற்கு மருந்து தெளிக்கிறார்கள். அம்மருந்தும் ஏதோ ஒரு தொழிற்சாலையில் உண்டாக்கப்பட்டதுதான்.

தடுக்கும் முறைகள்

முதலாவதாகச் செய்யத்தக்கது, செலவில்லாதது: யூரியாவைத் தேங்கிய தண்ணீரில் வீசாமை. மேலுரம் இடும் நாளில் வயல் நீரை வடித்து, சேறு தெரியும் நிலையில் உரத்தை இட்டு, உருளும் களைக்கருவியை ஓட்டிச் சேற்றில் கலந்துவிட்டு, அதன்பின் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். சேற்றுக்குள் புதைந்த அம்மோனியத்தை வெயிலும் தொடாது, பாசியும் தொடாது. வங்காள தேசத்தில் யூரியாவைக் குண்டுகளாக அழுத்தி, நான்கு குத்துகளுக்கு நடுவே ஒரு சாண் ஆழத்திற்கும் குறைவாகச் சேற்றில் புதைக்கும் முறை பரவியுள்ளது; ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு யூரியா இதனால் மீதமாகிறது. கூலியாள் கிடைப்பது அரிதான இந்நாளில் இங்கே அது எளிதில் பரவும் என்று சொல்வதற்கில்லை.

இரண்டாவது, பகிர்ந்திடுதல். கோயமுத்தூர் விவசாய சர்வகலாசாலையார் நெல்லுக்குரிய தழைச்சத்தை அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்கு சம பங்காக இடச் சொல்லுகின்றனர். நாளைப் பார்த்து இடுவதைவிட இலையைப் பார்த்து இடுவது இன்னும் மேல். அதற்கென ஏற்பட்ட இலை வண்ண அட்டையைக் கொண்டு, நடவு செய்த 14-ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை, காலை வேளையில், உடல் நிழல் விழாமல், முழுதும் விரிந்த மேல் இலைகள் பத்தைச் சோதிக்க வேண்டும். ஆறு இலைகளாவது 4 என்னும் வண்ணத்திற்குக் குறைந்திருந்தால் மட்டுமே உரமிடலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3 போதும். அட்டையின் விலை மிகச் சொற்பம். அதை வாங்கிப் பரணில் செருகி வைத்திருப்போரும் உளர்.

மூன்றாவது, வேம்பு. வேப்பம் விதையிலுள்ள பொருள்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களின் வேகத்தைத் தணிக்கின்றன. 2015 முதல் உள்நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட வேண்டும் என்பது மத்திய சர்க்காரின் உத்தரவு. இதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தமிழ்நாட்டில் யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து ஓரிரவு வைத்திருந்து மறுநாள் இடும் வழக்கம் சிபாரிசு செய்யப்பட்டு வந்துள்ளது. இக்கலவையில் ஜிப்சத்தின் வேலை யாதென்று பலர் கேட்பதுண்டு. யூரியா சிதைந்து உண்டாகும் அம்மோனியம் கார்பனேட், ஜிப்சத்தோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட்டாகவும் சுண்ணாம்புக் கல்லாகவும் மாறுகிறது. முன்னது போல அம்மோனியம் சல்பேட் எளிதில் ஆவியாவதில்லை. சிந்திரியில் 1951-இல் தொடங்கிய சர்க்கார் உரத் தொழிற்சாலை அம்மோனியம் சல்பேட் தயாரித்ததும் இதே ரசாயன மாற்றத்தைக் கொண்டுதான்.

யாவற்றிலும் பழையது தழையுரம். தக்கைப்பூண்டு, சணப்பை, கொளிஞ்சி, மணிலா அகத்தி ஆகியவற்றின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள், ஓப்பாவில் 1913-இல் பேரழுத்தத்தினாலும் பெருஞ்சூட்டினாலும் செய்யப்பட்ட காரியத்தை, சாதாரண வெயிலில் சத்தமின்றிச் செய்கின்றன. அங்கே குழாயுமில்லை, கப்பலுமில்லை. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், அடியுரமாக இடும் யூரியாவில் கணிசமான பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம். ஆயின் விதைப்பதற்கும் மடக்குவதற்கும் இடையில் ஒன்றரை மாதம் வேண்டும். கால்வாய் நீர் தாமதமாக வரும் ஆண்டில் இது கைகூடாது என்பதை மறைப்பதில் பயனில்லை. அத்தகைய வயல்களில் நடவுக்குப் பின் அசோலா வளர்த்துக் களைக்கருவியால் மிதித்துவிடலாம்.

கந்தகமும் ஜிப்சமும்

மணிச்சத்து உரம் தயாரிக்கக் கந்தகத் திராவகம் வேண்டும். கந்தகத்தை எரித்து, வந்த வாயுவை ஊக்கியின்மேல் செலுத்தித் திராவகமாக்குவது முறை. பழைய முறையில் ஒரே தடவை உறிஞ்சியதால் நூற்றில் இரண்டு மூன்று பங்கு வாயு மாறாமல் புகைபோக்கி வழியே சென்றது. இடையில் ஒருமுறை உறிஞ்சிவிட்டு மறுபடியும் ஊக்கியின்மேல் செலுத்தும் இரட்டை முறையில் அரைப் பங்குகூட வெளிப்படுவதில்லை. 1,000 டன் கந்தகம் எரிக்கும் ஆலையில் இரண்டு சதவீதம் என்பது 40 டன் கந்தக வாயு. அதுவே மிச்சப்பட்டால் 61 டன் திராவகம். காற்றைக் கெடுத்ததும் விற்காமல் விட்டதும் ஒரே சரக்கு.

பாஸ்பேட் பாறையைத் திராவகத்தில் கரைத்துப் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கையில், அமிலத்திலுள்ள மணிச்சத்து ஒரு டன்னுக்கு நாலைந்து டன் ஜிப்சம் கழிவாகக் குவிகிறது. மலைபோல் கிடந்து மழையில் கரைந்தால் அது மாசு. நிலக்கடலைக்கு மண் அணைக்கும் 40 முதல் 45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ இட்டால் அது காய் திரளச் செய்யும் உரம். பாறையின் இனத்தைப் பொறுத்து இதில் புளோரைடு முதலிய வேண்டாத பொருள்கள் இருக்கக்கூடும். ஆதலால் சோதனைச் சீட்டில்லாத ஜிப்சத்தை விலை மலிவென்று வாங்கலாகாது.

கிணற்று நீர்

ஆரணியாறு, கொசஸ்தலையாறு இவற்றின் படுகையிலுள்ள மணற்படலம் சிறந்த ஊற்று நிலம். 1960-களில் ஐக்கிய நாடுகள் உதவியோடு ஆராய்ந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் குழாய்க் கிணறுகள் அமைத்துத் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் நீர் எடுத்தனர், விவசாயிகளும் இறைத்தனர். ஊற்று தாழவே கடல்நீர் உட்புகுந்தது. 1969-இல் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு எல்லை 1983-இல் 7, 1987-இல் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டதென்று கணிக்கப்பட்டது. மீஞ்சூர்ப் பக்கத்தில் நெல் விளைந்த கிணற்றுப் பாசனம் பல இடங்களில் கைவிடப்பட்டது இதனால்தான். உப்பேறிய ஊற்றைத் திரும்ப இனிமையாக்குவது ஒரு தலைமுறையில் முடியும் காரியமன்று.

இங்கும் மருந்து தோன்றுமிடத்திலேயே கிடைத்தது. மணலித் தொழிற்சாலைகள் 1990-களிலிருந்து கொடுங்கையூரில் ஓரளவு சுத்தம் செய்யப்பட்ட நகரச் சாக்கடை நீரை வாங்கித் தாமே மேலும் சுத்தம் செய்து பயன்படுத்தின. 2019-இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் சாக்கடை நீரைச் சவ்வு முறையில் சுத்திகரித்து மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் திறக்கப்பட்டது. அவ்வளவு நீர் பூமியிலிருந்து எடுக்கப்படாமல் மிஞ்சுகிறது. அவ்வளவு சாக்கடை கால்வாயில் விழாமல் நிற்கிறது.

கடலோரத் தாலுக்காக்களில் கிணறுடைய விவசாயிகள், கோடையில் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழைக்குப்பின் ஒருமுறையும் கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் உப்புக்காகச் சோதித்துக்கொள்வது உசிதம். அக்கிணறு குடிக்கவும் பயன்படுமாயின் நைட்ரேட்டுக்கும் குடிநீர்ப் பரிசோதனைச் சாலையில் சோதிக்க வேண்டும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளுக்கு அந்நீரைக் கொடுக்கலாகாது. மோட்டாரைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான புட்டியை அதே நீரால் மும்முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, கிணற்றின் ஆழமும் எடுத்த தேதியும் எழுதிய சீட்டை ஒட்டி, அன்றே கொண்டு சேர்க்க வேண்டும்.